இன்றைக்கு யார் லீவு?

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எழுதியிருந்தால், யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உடனே போன் போட்டிருப்பார். "எனக்கு எதுக்குடீ இத்தனை இடம்? வேற யாரையாவது எழுதேன்" என்றிருப்பார். அந்தப் பேச்சிலேயே ஆள் முழுசாக இருக்கிறார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சேச்சி. எனக்கு மட்டும் அக்கா. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கம்பத்துக்காரி, மலை ஏறி இறங்கிக் கொச்சிக்கு வேலைக்குப் போனவள். அவர் கொச்சியின் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா மிளகு வியாபாரத்துக்காக வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைக் காட்டினால் அக்கா ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார். மலையாளம் கடகடவென்று ஓடும்.

எங்கள் கம்பெனி மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் கம்பெனி. கன்சல்டிங் என்றால் என் அம்மாவுக்குப் புரியவில்லை. "அவங்க கடையை அவங்களுக்கு நடத்தத் தெரியாதாக்கும்? நீ போய்ச் சொல்லித் தரணுமாக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிடங்கை வெள்ளையடித்து, மாடியில் மேசைகளைப் போட்டு, ஏசி மாட்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் சுக்கு மணக்கும். வெளியூரிலிருந்து வருகிற கிளையண்டுகள் அதை நாங்கள் வேண்டுமென்றே தெளித்த வாசனை என்று நினைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பாராட்டுவார்கள்.

முதல் நாள் நான் போய் நின்றபோது எனக்கு நாற்காலி இல்லை. ஆள் எடுத்த வேகத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றேன். ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். நாற்பதை ஒட்டிய வயது, பருத்திச் சுடிதார், தலையில் ஈரம் காயாத முடிச்சு.

"தமிழா? இங்க இரி மோளே. நல்ல காத்து வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே காயல், போட்டுகள். கழுத்தை நீட்டி வடக்கே பார்த்தால் தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள்கூடத் தெரிந்தன. அடடா, என்ன கம்பெனி, வந்த அன்றைக்கே ஜன்னல் சீட்டு என்று பூரித்துப்போனேன். மத்தியானம் அதே பெண் வந்து, "தப்பா நினைக்காதே" என்று ஜன்னல் கட்டையிலிருந்து ஒரு ஸ்டீல் டம்ளரையும், டெஸ்க் டிராயரிலிருந்து ஒரு சீப்பையும் எடுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் புரிந்தது. அது அவருடைய இடம்.

ஓடிப்போய், "ஐயையோ, எனக்குத் தெரியாதுக்கா. நீங்க வாங்க, நான் எந்திரிக்கிறேன்" என்றேன்.

"சாரமில்லடீ, பரவாயில்ல. புதுசா வர்றவங்களுக்கு ஜன்னல் வேணும். மொத நாள் பயமா இருக்கும். வெளிய பாக்க எதாவது இருக்கணுமில்ல?" என்றார். பிறகு, "எனக்கு எங்கயானாலும் மதி" என்றார்.

மதி என்றால் போதும். அவர் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் வரத் தொடங்கியது பிறகு.

அக்கா அங்கே சாதாரண ஆள் இல்லை. கம்பெனியில் முதலில் சேர்ந்தவரே அவர்தான். ஆரம்பத்தில் கோட்டயத்துக்காரரான எங்கள் பாஸ், அக்கா, ஒரே ஒரு மேசை, அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். பாஸ் நல்ல மனசுக்காரர். ஆனால் நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். புது கிளையண்ட் வந்தால் கீழே சாயாக்கடையிலிருந்து பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி எல்லோருக்கும் கொடுப்பார். நான் சேர்ந்த வருஷம் பழம்பொரி தின்றே எடை கூடினேன். ஹோட்டல்காரர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள், மசாலா ஏற்றுமதிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் புது ஆட்கள் வந்தார்கள். கிடங்கு மட்டும் அதே அளவில் இருந்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது புதிதாகப் பையோடு வந்து நிற்பார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிடுவார். பிரிண்டர் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்தார். அங்கே டிசைன் செய்கிறவர்கள் வந்ததும் மாடிப்படி வளைவுக்குப் போனார். அந்த இடத்தில் அலமாரி வைத்தார்கள். உடனே சாயா போடுகிற அறையில், தண்ணீர் கேன் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்துகொண்டார். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற ஹோட்டல்காரருக்கான அறிக்கையை, சர்க்கரை டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினார். சாயா எடுக்கப் போகிறவர்கள், "சேச்சி, கொஞ்சம்…" என்றால் நாற்காலியோடு நகர்ந்து வழி விடுவார். கடைசியில் அந்த நாற்காலியும் போயிற்று. யாரோ மீட்டிங்குக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய காலை வணக்கமே மாறிவிட்டது. உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு கேட்பார்: "இன்னிக்கு யாரு லீவு?"

யார் வரவில்லையோ அவர் இடத்தில் அன்றைக்கு உட்காருவார். டம்ளரும் சீப்பும் பையிலேயே இருக்கும். எல்லோரும் வந்துவிட்ட நாளில், வெளியே கிளையண்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். எல்லோரும் இதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டார்கள். "சேச்சி, நாளைக்கு நான் லீவு, சீட்டு உங்களுக்குத்தான்" என்று பெரிய உபகாரம் செய்கிற மாதிரி சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க்கா, உங்களுக்கு ரோசமே கெடையாதா? நீங்க சேத்த ஆளுங்க ஜம்முனு உக்காந்திருக்கு. நீங்க பிச்சைக்காரி மாதிரி சுத்துறீங்க" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். எனக்கு வாய் நீளம், ஊரிலேயே பெயர் வாங்கியது.

"எடீ, பதுக்கெ, மெதுவாப் பேசு" என்றார். "எனக்கு இது பழகிப்போச்சு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வியூ."

இப்படிப்பட்டவர் வெளியே எப்படி இருப்பார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்காரர் எங்களிடம் வந்திருந்தார். கூட்டம் வருகிறது, வியாபாரம் ஏறவில்லை, ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் இருவரும் போனோம். புடவைப் பிரிவில் நின்றிருந்த ஒரு பெண் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அக்கா முதலாளியிடம் கேட்டார், இவர்கள் எப்போது உட்காருவார்கள் என்று.

"ஸ்டூல் உண்டல்லோ" என்றார் அவர், கையை நீட்டிக் காட்டி.

அக்கா நேராகக் கவுண்டருக்குள் போனார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினார். ஸ்டூலைத் துப்பட்டாவால் துடைத்தார். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, "இரி" என்றார். அவள் முதலாளியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தாள். "நல்லா இரி" என்றார் அக்கா. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, கடையில் நிற்கிறவர்கள் உட்காருவதற்குச் சட்டமே இருக்கிற ஊரில் இருந்துகொண்டு பெட்டிக்கு ஸ்டூல் போட்டிருக்கிறீர்களே என்று மலையாளத்தில் பிடிபிடியென்று பிடித்தார். கால் கடுக்க நிற்கிறவளுக்கு இன்னொரு புடவை எடுத்துக் காட்ட எப்படி மனசு வரும் என்றார். முதலாளி திறந்த வாயை மூடவில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

திரும்பி போட்டில் வரும்போது கேட்டேன், "அந்தப் பொண்ணுக்காக இவ்வளவு பேசுனீங்களே, உங்களுக்காக ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"அது வேற, இது வேற" என்று காயலைப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் எங்கள் கம்பெனிக்கே யோசனை சொல்ல, வெளியிலிருந்து வேறு கன்சல்டிங்காரர்களை பாஸ் கூப்பிட்டார். கம்பெனி பெரிதாகிவிட்டது, எர்ணாகுளத்தில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு தளம் முழுக்க எடுக்கப் போகிறோம், யாருக்கு எங்கே இடம் என்று நீங்களே ஆராய்ந்து சொல்லுங்கள் என்று அவர்களிடம் ஒப்படைத்தார். டை கட்டிய இரண்டு பேர் வந்தார்கள். சில நாட்கள் காலையிலும் மாலையிலும் டேப்லெட்டோடு சுற்றி வந்து, எந்தச் சீட்டில் ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். யாரிடமும் பெயர் கேட்கவில்லை. சீட்டுக்கு முன்னால் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி, சுவரில் பெரிய திரையில் புது ஆபீஸின் வரைபடத்தைப் போட்டார்கள். கட்டம் கட்டமாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒரே ஆரவாரம். எனக்கு ஜன்னல், உனக்குத் தூண் பக்கம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நானும் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பிறகு அக்காவின் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை.

அக்கா எந்தெந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தாரோ, அந்தந்த லீவுக்காரர்கள் வேலைக்கு வந்ததாகக் கணக்காகியிருந்தது. மூணாறுக்குத் தேனிலவு போயிருந்தவன்கூட ஒரு நாள் தவறாமல் ஆபீஸ் வந்தவனாகியிருந்தான். தினமும் வந்த அக்கா மட்டும் எங்கேயும் இல்லை.

திரும்பி அவரைப் பார்த்தேன். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். திரையை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பிறகு எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

சாயங்காலம் போட் ஜெட்டி வரைக்கும் துரத்திக்கொண்டு போனேன். அவர் வீடு பக்கத்துச் சந்துதான், ஆனாலும் வேலை முடிந்து ஜெட்டியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்.

"திங்கக்கிழமை காலையில மொத வேலையா பாஸ்கிட்ட போய்க் கேக்குறீங்க. தப்பு அவங்க மேல. என் பேர் எங்கடான்னு கேளுங்க."

"கேக்க மாட்டேன்டீ."

"ஏன்? பெருந்தன்மையா? இப்படி எல்லாத்தையும் குடுத்துக் குடுத்துத்தான் இப்ப பேரே இல்லாமப் போச்சு. பாக்குற எனக்கே வயிறு எரியுது. உங்களுக்குச் சுடலையா?"

போட் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அக்கா அவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டுவிட்டுப் பேசினார்.

"பெருந்தன்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்கல்லாம் அப்படி நினைச்சுக்கறீங்க. நானும் திருத்தல, கேக்க நல்லாத்தானே இருக்கு. சின்னப் பிள்ளையில ஆலப்புழையில ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மொத பந்தியில உக்காந்துட்டேன். எலையில உப்பு வெச்சாச்சு, நேந்திரங்கா உப்பேரி வெச்சாச்சு. மனசுக்குள்ள பாயசம் வரைக்கும் குடிச்சாச்சு. அப்ப ஒரு மாமா வந்து, 'மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நிக்கறாங்க, நீ எந்திரி, அடுத்த பந்தி பாத்துக்கலாம்'ன்னார். வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பாத்துது. எந்திரிச்சேன். கையில உப்பேரியோட. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரும் என்னை எந்திரின்னு சொன்னதில்ல, தெரியுமா? அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சுடுவேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயம்டீ. வேற ஒண்ணும் இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

மறுவாரம் நானே பாஸின் அறைக்குள் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். நிஜமாகவே தலையில் அடித்துக்கொண்டார். அப்படியே எழுந்து வந்து, சாயா அறையில் இருந்த அக்காவை வரைபடம் போட்ட திரைக்கு முன்னால் அழைத்துப் போனார். "சேச்சி, ஸாரி. சேச்சி இல்லாம இந்தக் கம்பெனி உண்டா? எந்த சீட் வேணும்னு காட்டுங்க. இப்பவே மாத்தறேன்" என்றார், எனக்கும் புரியட்டும் என்று பாதித் தமிழில்.

அக்கா திரையருகே போனார். விரலைத் தூக்கினார். விரல் ஒரு கட்டத்துக்குப் போயிற்று, அங்கிருந்து அடுத்ததற்குப் போயிற்று. ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. முக்கால்வாசிப் பேர் அவர் தேர்ந்தெடுத்து, அவர் வேலை பழக்கியவர்கள். நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் பேரைக் காட்டுங்க அக்கா, நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன், காட்டுங்க.

விரலை இறக்கிவிட்டார். "எல்லாத்துலயும் ஆள் இருக்கே" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."

புது ஆபீஸுக்குப் போவதற்கு முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டார். பாஸ் கெஞ்சினார், தனி அறையே போட்டுத் தருகிறேன் என்றார். அக்கா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். கடைசி நாளில் டம்ளரையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் வாசல் வரைக்கும் போய் அழுதேன். "நல்லா இரி மோளே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கட்டடத்தில் எங்களுக்கு எல்லாம் இருந்தது. சுற்றுகிற நாற்காலி, உயரம் கூட்டிக் குறைக்கிற மேசை, காபி மெஷின். பழம்பொரி போய் கேக் வந்தது. காலையில் உள்ளே வரும்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ரொம்ப நாள் அந்தப் பவிசு நீடிக்கவில்லை. பெரிய ஹோட்டல் கிளையண்ட் ஒன்று விலகியது, அதைப் பார்த்து இன்னொன்று விலகியது. ஓடின வேகத்திலேயே கம்பெனி தடுக்கி விழுந்தது. வரிசை வரிசையாக ஆட்கள் போனார்கள். ஒரு காலத்தில் ஒரு நாற்காலிக்கு அல்லாடிய நாங்கள், காலி நாற்காலிகளுக்கு நடுவே அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தோம். அக்கா இருந்திருந்தால், இன்றைக்கு யார் லீவு என்று கேட்க வேண்டியே இருந்திருக்காது. கடைசியில் ஒரு வீடியோ கால் வந்தது. பாஸ் அழுதுகொண்டே பேசினார். அந்த முறை போனவர்களில் நானும் ஒருத்தி.

வேலை போன மறுநாள், ஊருக்குப் போன் பண்ணத் தைரியம் இல்லாமல், போட் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போனேன். அக்கா வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்திருந்தார். பேக்கரிக்காரர், தையல் கடை நடத்துகிற பெண், வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கிறவர்கள் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு யோசனை சொல்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரம், கைப்பிடி வைத்த சுற்றுகிற நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை சாய்க்கிற இடத்தில் கடைக்காரன் சுற்றின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. "போச்சா?" என்றார். தலையாட்டினேன்.

அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்தன. உடம்பு மெல்ல மேலே எழும்பியது. எனக்குத் தெரியாதா அது? என் முதல் நாளில் பார்த்த அதே எழுந்திருத்தல். வேண்டாம் அக்கா, எழுந்திருக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

பாதி எழும்பினவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் சரசரத்தது.

"அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ" என்றார்.

நான் நகராமல் அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்கறே? இது என் நாற்காலி. பிராட்வேயில நானே போய் உக்காந்து பாத்து வாங்கினது. போட்ல ஏத்திக் கொண்டு வந்தேன். வர்ற வழியில ஒரு வயசான அம்மச்சி நிக்க முடியாம நின்னாங்க, அவங்களுக்குக் குடுத்தேன். அது மரியாதைக்கு. வேற யாருக்கும் குடுக்கல."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. வேலை போனதற்கு நான் அழவே இல்லை, சத்தியமாக. இதற்குத்தான் நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

"எடீ, அழறதா இருந்தா உக்காந்து அழு" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கால் குட்டை, ஆடியது. மேசை மேல் அதே ஸ்டீல் டம்ளர் இருந்தது. அக்கா அதில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வர்ற வேலையையெல்லாம் என்னால தனியாப் பாக்க முடியல. நாளைக்கு பிராட்வே போய் உனக்கும் ஒண்ணு வாங்குவோம்" என்றார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் காற்று வருகிற பக்கம் நகர்த்திக்கொண்டார். "ஆனா ஜன்னல் பக்கம் நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றேன்.